பெயர் நீக்கம்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டவற்றுள் வருகைப் பதிவேட்டை எழுதும் முறையும் ஒன்று. 1991ஆம் ஆண்டில் நான் பயிற்சியில் சேர்ந்தபோது, விரிவுரையாளர் ஒருவர் ஒரு வாரம் முழுவதும் இதற்கென்றே ஒதுக்கினார். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது; மாத இறுதிக் கூட்டுத்தொகை பிழைபடக் கூடாது; ஒரு மாணவன் பள்ளியை விட்டு நீங்கினால் அதற்கான காரணத்தைச் சுருக்கமாக எழுதி, அவன் பெயர்மீது கோடிட வேண்டும். இவற்றை நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். முப்பது ஆண்டுகளாக என் பதிவேட்டில் கணக்குப் பிழை கண்டவர் எவருமிலர்.

ஆயினும் அதில் ஒரு பெரும் பிழை உண்டு. அஃது எண்ணில் நேர்ந்த பிழையன்று. இரண்டு சொற்களில் நேர்ந்தது. அந்த இரண்டு சொற்களுக்காக நான் பின்னொரு காலத்தில் ஒரு மனிதனைத் தேடி ஐந்து மாதங்கள் அலைந்தேன். அந்தத் தேடலையே இங்கு எழுத முற்படுகிறேன். ஆசிரியப் பணியில் இருப்போர்க்கும், அப்பணிக்கு வரவிருக்கும் மாணவர்க்கும் இது பயன்படக்கூடும்.

நான் பணியாற்றிய பள்ளி பழைய கிள்ளான் சாலையை ஒட்டியிருந்த ஒரு தமிழ்ப்பள்ளி. எங்கள் மாணவருள் பெரும்பாலோர் கம்போங் மேடானிலிருந்தும் அதனை அடுத்திருந்த புறம்போக்குக் குடியிருப்புகளிலிருந்தும் வந்தவர்கள். பெட்டாலிங் ஜெயா என்னும் நகரமே 1950களின் தொடக்கத்தில், கோலாலம்பூரின் குடியிருப்பு நெருக்கடியைத் தணிப்பதற்காக, எஃபிங்கம் என்ற ரப்பர்த் தோட்டத்து நிலத்தில் உருவாக்கப்பட்டது. வீடற்றோர்க்கு வீடு தருவதற்கென எழுந்த அந்நகரத்தின் தென்கோடியில், பின்வந்த ஆண்டுகளில் வீடற்றோர் தாமே பலகை அறைந்து, தகரம் வேய்ந்து, வீடு கட்டிக்கொண்டனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தபோதும், செம்பனையும் வீழ்ந்து வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தபோதும், லயத்தை விட்டு வெளியேறிய நம் மக்கள் வேலை தேடி நகரத்தின் ஓரத்திற்கு வந்து சேர்ந்தனர். தோட்டத்தில் கிராணியின் பேரேட்டில் அவர்கள் பெயர் இருந்தது. புறம்போக்கில் அவர்களுக்குப் பேரேடும் இல்லை. பல வீடுகளுக்குக் கதவிலக்கமும் இல்லை.

நான் தேடிய மனிதன் அப்போது சிறுவன். 1990ஆம் ஆண்டில் பிறந்தவன். தந்தை எங்கோ போய்விட்டார். தாய் அவனுக்கு மூன்று வயதாகும்போது இறந்துவிட்டாள். பாட்டியே வளர்த்தார். பாட்டி, சாலையோரத்தில் அப்பமும் இடியப்பமும் விற்றுப் பிழைத்தவர். 1997இல் அவனைப் பள்ளியில் சேர்க்க அழைத்து வந்தபோது பிறப்புப் பத்திரம் இல்லை. அப்போதைய தலைமையாசிரியர் பாட்டியை வெகுநேரம் உட்கார வைத்துக் கேட்டு, சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரியை நீல மையால் நிரப்பினார் என்பதைப் பிற்பாடு அறிந்தேன். அவ்வரியின் அருமை அன்று எவருக்கும் தெரியாது.

2001இல் அவன் ஐந்தாம் ஆண்டில் என் வகுப்பில் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லுவான். அவ்வாண்டு மார்ச்சு மாதம் 4ஆம் நாள் தொடங்கிச் சில நாள்கள் கம்போங் மேடான் வட்டாரத்தில் நிகழ்ந்த கலவரத்தை நீங்கள் அறிவீர்கள். ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஐவர் இந்தியர். அந்நாள்களில் என் வகுப்பில் பாதி இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. பின்னர் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவனும் வந்தான். எதுவும் பேசவில்லை, முன்போலக் கணக்குப் போட்டான்.

கலவரத்திற்குப் பிறகு வீடுகளை அகற்றும் பணி விரைவுபெற்றது. 2005ஆம் ஆண்டுக்குள் புறம்போக்கு வீடுகளே இல்லாத மாநிலமாகச் சிலாங்கூரை ஆக்குவது என்பது மாநில அரசின் அன்றைய குறிக்கோள். மக்கள் சிலர் அடுக்குமாடி வீடுகளுக்கும், சிலர் ‘ரூமா பாஞ்சாங்’ எனப்பட்ட தற்காலிக வரிசைப் பலகை வீடுகளுக்கும், சிலர் உறவினர் வீடுகளுக்குமாகச் சிதறினர். 2002ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆறாம் ஆண்டுத் தேர்வுக்கு நான்கு மாதங்கள் இருக்கும்போது, அவன் பள்ளிக்கு வருவது நின்றது.

நான் என்ன செய்தேன்? விதிமுறைப்படி செய்தேன். அவன் முகவரிக்கு முதற் கடிதம் அனுப்பினேன், திரும்பி வந்தது. இரண்டாம் கடிதம் அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. இடிக்கப்பட்ட வீட்டிற்குக் கடிதம் எங்ஙனம் போய்ச் சேரும்? வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டேன். “அவங்க வேற எடத்துக்குப் போயிட்டாங்க சார்” என்றார்கள். ‘எந்த இடம்?’ என்று நான் மேலும் கேட்கவில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, நாற்பது பிள்ளைகள் எதிரே இருந்தார்கள். ஆகஸ்டு மாதத்தில் அவன் பெயர்மீது கோடிட்டுக் காரணப் பகுதியில் இரண்டு மலாய்ச் சொற்களை எழுதினேன்: ‘காகால் டிகேசான்’. தேடியும் கண்டறிய இயலவில்லை என்பது அதன் பொருள். இந்நாட்டு அலுவலகங்களில் நாள்தோறும் புழங்கும் தொடர் அது. எழுதிக் கையொப்பமிட்டு, மாதக் கூட்டுத்தொகையைச் சரிபார்த்துவிட்டு வீட்டிற்குச் சென்றேன்.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. நான் வேறொரு பள்ளிக்கு மாற்றலாகித் துணைத் தலைமையாசிரியர் ஆனேன். 2011 பிப்ரவரியில், அடையாள ஆவணங்கள் இல்லாத இந்தியர்களைப் பதிவு செய்வதற்காக ‘மைடஃப்தார்’ என்னும் இயக்கம் நாடெங்கும் நடந்தது. பாரங்களை நிரப்பித் தரும் தொண்டர்களுள் ஒருவனாக நானும் ஒரு மேசையில் அமர்ந்தேன். வந்தவர்களைக் கண்டபோது நெஞ்சு கனத்தது. நாற்பது வயதிலும் அடையாள அட்டை இல்லாதவர்கள். இந்நாட்டிலேயே பிறந்து சிவப்பு அட்டையுடன் வாழ்பவர்கள். பெற்றோர் பதிவுத் திருமணம் செய்யாததால் பிள்ளைகளுக்குப் பத்திரம் எடுக்க முடியாதவர்கள். தம் மகளுக்காக வந்திருந்த ஓர் அம்மையார் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “நீங்க அந்தப் பள்ளிக்கூடத்து சார்தானே? அப்பக்காரப் பாட்டியோட பேரன் உங்ககிட்டதானே படிச்சான்? அவனுக்கும் ஐசி இல்லிங்க. போலீஸ் ரோட்டுத் தடுப்பக் கண்டாலே வண்டிய விட்டு எறங்கி ஓடுறானாம்” என்றார். அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவனுக்கு இருபத்தொரு வயதாகியிருக்கும். அடையாள அட்டை இல்லாதவனுக்கு வங்கிக் கணக்கு இல்லை, வாகன உரிமம் இல்லை, சேமநிதி இல்லை, திருமணத்தைப் பதிவு செய்யவும் வழியில்லை. இவையனைத்தையும் அம்மேசையில் அமர்ந்து நானே மற்றவர்க்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மறுவாரம் என் பழைய பள்ளிக்குச் சென்று, அங்கிருந்த தலைமையாசிரியையின் இசைவு பெற்று, பண்டக அறையில் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். மேலட்டையைக் கரையான் அரித்திருந்தது, உட்புறம் பிழைத்திருந்தது.

அவன் வரி கிடைத்தது. ‘பிறப்புப் பத்திர எண்’ என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. ஆனால் பழைய தலைமையாசிரியர் அதனோடு நிறுத்தவில்லை. பிறந்த நாள், பிறந்த மருத்துவமனை, தாயின் முழுப்பெயர், தாய் இறந்த ஆண்டு, பாட்டியின் அடையாள அட்டை எண் ஆகியவற்றைக் கட்டத்திற்கு வெளியேயும் இடம்பிடித்து, பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தார். அந்த நீல மை வரியின் இறுதியில் என் கையெழுத்தில் அந்த இரண்டு சொற்கள் இருந்தன. ஒரே வரியில் இரண்டு ஆசிரியர்கள் எழுதியிருந்தோம். ஒருவர் அவனைப் பதிந்தார். மற்றவன் அவனை நீக்கினேன். அவன் இம்மண்ணில் பிறந்து வளர்ந்தான் என்பதற்கு எழுத்துச் சான்று அந்த வரி ஒன்றேயாக இருக்கக்கூடும். அதன் படியை எடுத்துக்கொண்டு அவனைத் தேடப் புறப்பட்டேன்.

தேடுவது எளிது என்றே எண்ணினேன். முதலில் முகவரி. ‘கோவில் பின்புறம், கம்போங் மேடான்’ என்று பதிவேட்டில் இருந்தது. அவ்விடத்தில் இப்போது கோவிலும் இல்லை, பின்புறமும் இல்லை. அடுக்குமாடிகளும் வாகன நிறுத்துமிடமும் இருந்தன. என் மாணவர்கள் பட்டம் விட்ட மேடு எது, வாய்க்கால் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அடுத்துப் பெயர். நம் பெயர்கள் அலுவலகங்களில் உரோமன் எழுத்தில் எழுதப்படுகின்றன. எழுதுபவர் தம் காதில் விழுந்தபடி எழுதுவார். ‘சுப்பிரமணியம்’ என்ற ஒரு பெயரை இந்நாட்டில் எத்தனை வகையாக எழுதியிருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு வகுப்பாசிரியரும் அறிவார். ஒரே வீட்டில் அண்ணன் தம்பியின் தந்தை பெயர் இரு வேறு எழுத்துகளில் இருப்பதும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. தந்தை பெயரே அடையாளம். தந்தையே காணாமற்போனவனாயின், அந்த அடையாளமும் போயிற்று. மேலும், மக்கள் நடுவில் அவனைப் பதிவேட்டுப் பெயரால் அறிந்தவர் யார்? அவனுக்கு வீட்டில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். நான் அறிந்தது மூன்றாவது பெயர் மட்டுமே.

வார இறுதி நாள்களில் டேசா ரியா, டேசா மெந்தாரி, லெம்பா சுபாங் எனப் புறம்போக்கு மக்கள் குடியேறிய அடுக்குமாடிகளுக்கெல்லாம் சென்றேன். சட்டைப் பையில் எழுதுகோல், கையில் கோப்பு. கதவைத் தட்டிப் பெயரைச் சொன்னால், “அப்படி யாரும் இல்லிங்க” என்ற விடையே எங்கும் கிடைத்தது. சில கதவுகள் நான் பேசி முடிப்பதற்குள் சாத்திக்கொண்டன. ஒரு மாதம் இவ்வாறு கழிந்தது. ஒரு நாள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலிருந்த முடிதிருத்தும் கடையில் களைத்துப்போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் பெரியவர், என்னைச் சில வாரங்களாகக் கவனித்திருக்கிறார்.

“ஐயா, நீங்க யாரு?” என்று கேட்டார்.

“ஆசிரியருங்க.”

“நான் வட்டிக்காரங்க ஆளுன்னு நெனச்சேன். இங்க எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. கோப்பக் கையில வெச்சிக்கிட்டுப் பேரச் சொல்லித் தேடுனா ஒருத்தரும் கெடைக்க மாட்டாங்க. இந்தச் சனங்களப் பேரச் சொல்லித் தேடி வந்தவங்க யாரும் நல்லது செய்ய வந்ததில்ல.”

அச்சொல் என்னை விழிக்கச் செய்தது. அதுவரை நான் அவனைக் கண்டுபிடிக்க இயலாத ஒருவனாகவே எண்ணியிருந்தேன். தன்னை எவரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று வாழ்பவனாக எண்ணிப் பார்க்கவில்லை. ஆவணம் இல்லாதவனுக்கு மறைவே பாதுகாப்பு. அவனைச் சுற்றியிருப்போர் பொய் சொல்லவில்லை, அவனைக் காத்தார்கள்.

பெரியவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்ட முதற் கேள்வி இது: “அந்தப் பாட்டி எந்தத் தோட்டம்?”

நம் மக்களிடையே இதனைவிடச் சிறந்த தேடுகருவி வேறொன்றில்லை என்பதை அன்று உணர்ந்தேன். வீடு மாறும், தொலைபேசி எண் மாறும், பெயரின் எழுத்து மாறும், தோட்டம் மாறுவதில்லை. தோட்டம் அழிந்து நாற்பது ஆண்டுகள் ஆனாலும் ‘இன்ன தோட்டத்து ஆள்’ என்பது அழிவதில்லை. அதிகாலையில் அப்பம் வாங்கச் செல்லும்போது, கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயரைப் பாட்டி வாயால் கேட்டது நினைவுக்கு வந்தது. சொன்னேன். “அப்ப சித்திரைத் திருவிழாவுக்குப் போங்க. தோட்டத்துல ஆளு இல்ல. ஆனா கோயிலு இருக்கு. எங்க இருந்தாலும் அன்னைக்கு வருவாங்க” என்றார்.

சென்றேன். அவர் கூறியபடியே, சுற்றிலும் செம்பனை நிற்க நடுவில் ஒரு சிறு மாரியம்மன் கோவில். கிள்ளானிலிருந்தும், காப்பாரிலிருந்தும், பூச்சோங்கிலிருந்தும், பந்திங்கிலிருந்தும் மகிழுந்துகளில் மக்கள் வந்திறங்கினர். அன்று கோப்பை எடுத்துச் செல்லவில்லை. ஒரு தட்டில் தேங்காய் பழம் எடுத்துச் சென்றேன். அன்னதானத்தில் பரிமாறினேன். கை கழுவும்போது பக்கத்திலிருந்த ஒருவரிடம், “கம்போங் மேடான்ல அப்பம் சுட்ட பாட்டிய உங்களுக்குத் தெரியுங்களா?” என்றேன். “தெரியாம என்ன? எங்க சித்தியோட அக்கா. செத்து ஆறு வருசமாச்சு. சித்தி கிள்ளான்ல இருக்காங்க” என்றார். இரண்டு மாதங்கள் தேடிய விடை இரண்டு நிமிடங்களில் வந்தது.

பாட்டி மறைந்தார் என்ற செய்தி என்னை வருத்தியது. கிள்ளானில் அவருடைய தங்கையின் வீட்டிற்குச் சென்றேன். எழுபது வயது கடந்தவர். என்னை நெடுநேரம் சோதித்தார். எதற்காகத் தேடுகிறேன், யார் அனுப்பினார்கள், அவனால் ஏதேனும் தொல்லையா என்று கேட்டார். பதிவேட்டு வரியின் படியைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது; ஆயினும் அந்தத் தாளை மடியில் வைத்து விரலால் தடவினார். பிறகு ஒன்று சொன்னார்.

“வாத்தியாரய்யா, எங்கப்பாவையும் இப்படித்தான் தேடுனோம். எனக்கு அப்ப அஞ்சு வயசு. சப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோட்டு வேலைக்கின்னு லோரியில ஏத்திக்கிட்டுப் போனான். வரல. எங்கம்மா சாகுற வரைக்கும் பொட்டு அழிக்கல. எங்க போயிக் கேக்குறது? எந்தப் புஸ்தகத்துலயும் பேரு இல்லன்னுட்டாங்க.”

சயாம் பர்மா இரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. அதில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களுள் ஏறத்தாழ ஏழாயிரவர்க்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. பெயர், படைப்பிரிவு, வயது ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. தொலைதூர நாட்டிலிருந்து வரும் பேரன்கூடத் தன் பாட்டனை அங்கே எளிதில் கண்டுகொள்ளலாம். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்று மாண்ட தமிழர் பல்லாயிரவர். அவர்களுக்கு அத்தகைய முழுமையான பெயர்ப்பட்டியல் இல்லை. இருசாராரையும் ஒரே காய்ச்சலும் ஒரே பசியும்தான் கொன்றன. ஒருசாரார் எழுதப்பட்டிருந்தனர், மறுசாரார் எழுதப்படவில்லை. எழுதப்பட்டவன் இறந்தும் கிடைக்கிறான். எழுதப்படாதவன் இருந்தும் கிடைப்பதில்லை. அந்த வீட்டில் இரண்டு தலைமுறையாக இதுவே நடந்திருந்தது.

அம்மூதாட்டி அவன் தொலைபேசி எண்ணைத் தரவில்லை. “நான் சொல்றேன். அவனுக்கு மனசு இருந்தா கூப்புடுவான்” என்றார். அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு உரிமையில்லை. என் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இருபத்து மூன்று நாள்கள் காத்திருந்தேன். ஜூலை மாதத்தில் ஓர் இரவு தொலைபேசி ஒலித்தது. “சார்” என்ற ஒரு சொல்தான். குரல் மாறியிருந்தது, அழைத்த விதம் மாறவில்லை.

காப்பார் சாலையோரத்து ஒட்டுக்கடை ஒன்றில் சந்தித்தோம். சரக்குந்தில் கெலிண்டானாக வேலை செய்தான். மூட்டை ஏற்றி இறக்கி உடல் முறுக்கேறியிருந்தது. சாலையை நோக்கிய இருக்கையையே தெரிந்தெடுத்து அமர்ந்தான். காவல் வண்டி வந்தால் முதலில் தெரிய வேண்டுமாம். தாளைக் காட்டினேன். தாயின் பெயரைத் தமிழில் ஒருமுறை மெல்லப் படித்தான். பிறகு வரியின் கடைசிக்கு வந்தான்.

“இது என்னா சார்? ‘காகால் டிகேசான்’?”

“நான் எழுதினது.”

அவன் சிரித்தான். அதில் சினம் இல்லை. “சார், வீட்ட ஒடச்சப்ப எங்களுக்கு ரூமா பாஞ்சாங்ல ஒரு ரூம் கெடச்சிச்சு. பள்ளிக்கூடத்து மணிச் சத்தம் அங்க கேக்கும். ஏழு மாசம் அங்கதான் இருந்தோம். பள்ளிக்கூட உடுப்பு, புஸ்தகம் எல்லாம் வீட்டோட போச்சு. பாட்டிக்கு வாங்கித் தரக் காசு இல்ல. உடுப்பு இல்லாம வர்றதுக்கு வெக்கமா இருந்திச்சு. சார் வருவீங்கன்னு பாட்டி சொல்லிக்கிட்டே இருந்தாங்க.”

பள்ளி மணி கேட்கும் தொலைவு! பத்து நிமிட நடை. ஒரு வெள்ளைச் சட்டையும் ஒரு நீலக் காற்சட்டையும் வாங்கும் செலவு. ‘தேடியும் கண்டறிய இயலவில்லை’ என்று எழுதினேனே, எங்கே தேடினேன்? இரண்டு அஞ்சல் உறைகளை அனுப்பியதைத் தவிர, நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை. அச்சொற்களில் உண்மை சிறிதும் இல்லை. ஒன்பது ஆண்டுகளாக அரசாங்கத்துப் பதிவேட்டில் என் கையொப்பத்துடன் ஒரு பொய் கிடந்தது. அதன் பயனாக, வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்ன ஒருவன் சாலையைப் பார்த்தபடி தேநீர் குடிக்கிறான். “என்னை மன்னிச்சிடுப்பா” என்றேன். அவன் பதறிப்போய், “அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார், தேடிக்கிட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்” என்றான். அந்த விடை என்னை ஆற்றவில்லை, மேலும் சுட்டது.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு மனுச் செய்தோம். சேர்க்கைப் பதிவேட்டின் சான்றுபெற்ற படி, அதிலிருந்த மருத்துவமனைப் பெயரைக்கொண்டு தேடிப் பெற்ற பிரசவக் குறிப்பு, தாயின் இறப்புப் பத்திரம், பாட்டியின் நீல அடையாள அட்டை எண், கிள்ளான் மூதாட்டியின் உறுதிமொழி ஆகியவற்றை இணைத்தோம். தாய் இந்நாட்டுக் குடிமகள் என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. நேர்முகங்களுக்கும் காத்திருப்புக்கும் ஆண்டுகள் சென்றன. 2015இல் பிறப்புப் பத்திரமும் அதன்பின் அடையாள அட்டையும் கிடைத்தன. அவன் அனுப்பிய குறுஞ்செய்தியில் ஒரே வரி இருந்தது: “சார், பேரு சரியா எழுதியிருக்காங்க.”

அந்தப் பழைய தலைமையாசிரியர் இதனை அறியாமலே காலமாகிவிட்டார். கட்டத்திற்கு வெளியே பொடி எழுத்தில் அவர் எழுதிய சில சொற்கள் பதினெட்டு ஆண்டுகள் கழித்து ஒருவனை நாட்டின் குடிமகன் ஆக்கின. கட்டத்திற்குள் நான் ஒழுங்காக எழுதிய இரண்டு சொற்கள் அவனை ஒன்பது ஆண்டுகள் மறைத்து வைத்தன.

ஆசிரியப் பெருமக்களே, ஒவ்வொரு குழந்தையும் பிறந்தவுடன் பதிவு செய்யப்பட வேண்டும், அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் ஏழாம் விதி கூறுகின்றது. உடன்படிக்கைகள் நியூயார்க்கில் எழுதப்படலாம்; ஆனால் கம்போங் மேடானில் அப்பம் சுட்ட ஒரு பாட்டியின் பேரனை முதன்முதலாக எழுதியது ஒரு தமிழ்ப்பள்ளிப் பதிவேடுதான். நம் ஏழை மக்களுக்கு நில ஆவணம் இல்லை. வங்கி ஏடு இல்லை. குடும்ப வரலாறு எழுதுவாரும் இல்லை. பள்ளிப் பதிவேடு ஒன்றே பலருக்கு முதல் எழுத்து. சிலருக்கு அதுவே ஒரே எழுத்து. கணக்குப் பிழையின்றி அதனை எழுதுவது நம் கடமையில் பாதிதான். எழுதிய சொல் மெய்யாவதற்கு நடந்து செல்வது மறுபாதி.

இன்று நான் தலைமையாசிரியனாக இருக்கும் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாணவன் தொடர்ந்து மூன்று நாள்கள் வராவிட்டால், வகுப்பாசிரியரும் நானும் அவன் வீட்டிற்குச் செல்வோம். வீடு இல்லையேல் அண்டை வீட்டார், கடைக்காரர், கோவில் பூசகர், முடிதிருத்துநர் ஆகியோரைக் கேட்போம். ‘எந்தத் தோட்டம்?’ என்று கேட்போம். கோப்பைக் கையில் எடுத்துச் செல்வதில்லை. பள்ளி அலுவலக அலமாரியில் பல அளவுகளில் சீருடைகள் மடித்து வைக்கப்பட்டுள்ளன. செல்லும்போது அவற்றுள் ஒன்றை எடுத்துச் செல்கிறோம். இளம் ஆசிரியர்கள் சிலர் இதனை வேலைப்பளு என்று முணுமுணுப்பதும் எனக்குத் தெரியும். அவர்களைக் கடிந்து கொள்வதில்லை. முப்பத்திரண்டு வயதில் நானும் அவ்வாறே எண்ணியிருப்பேன். பண்டக அறையில் கரையானிடமிருந்து தப்பிய அந்த வரியின் படியை அவர்களுக்குக் காட்டுகிறேன். பெயரை மறைத்துவிட்டுத்தான் காட்டுகிறேன். கடைசி இரண்டு சொற்களையும் அதன் கீழுள்ள கையொப்பத்தையும் மறைப்பதில்லை.